ஏரியும் டாங்கும்

அத்தியாயம் 11

முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூர்ச் சபையார் கல்லில் வெட்டிவைத்த ஏற்பாடுகளையும், முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே தெரிந்தெடுக்கப்பட்டவர்களில் அறுவர் ‘ஏரி வாரியம்’ என்னும் பெயர் பூண்டு ஊரின் நீர்நிலையைப் பராமரித்துவந்த முறையையும் சென்ற அத்தியாயத்தில் விரிவாகப் பார்த்தோம். உத்திரமேரூரை விட்டுத் தென்கிழக்கு முகமாக மதுராந்தகத்துக்கு வரும் வழியில், ஒரு கரை முடிந்து மறு கரை தொடங்கும்படி ஏரிகள் அணிவகுத்திருப்பதைக் காணும் எவருக்கும், பழைய செங்கற்பட்டு ஜில்லாவுக்கு ‘ஏரி மாவட்டம்’ என்ற பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பது தெளிவாகும். ஆனால் இந்த ஜில்லாவைப் பற்றி இருநூறு வருஷங்களுக்கு மேலாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ள அறிக்கைகளையும் பதிவேடுகளையும் புரட்டினால், ஏரி என்ற சொல் அங்கே தலைகாட்டுவது மிக அரிது. மைல் கணக்கில் கரை நீண்ட மதுராந்தகம் ஏரியும், கோயில் வாசலில் நான்கு புறமும் படிக்கட்டு இறங்கும் திருக்குளமும், மாடு குளிப்பாட்டும் குட்டையும் ஒரே பெயரால், ‘டாங்க்’ என்ற பெயரால், அவற்றில் குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எவர் கையில் இந்த ஜில்லாவுக்குள் நுழைந்தது, நீரைக் குறித்த சொல் எவ்வாறு போர்க்களத்து யந்திரத்துக்கும் பெயராயிற்று என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மதுரைக்கு அந்தகன், அதாவது மதுரைக்கு யமன், என்று பொருள்படும் மதுராந்தகன் என்ற பெயர், பாண்டியர் தலைநகரை வென்ற சோழர் தங்கள் குலப் பெருமையாகச் சூடிக்கொண்ட பெயர். கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவியாருக்கும் பிறந்து, முதல் ராஜராஜன் 985-ல் பட்டத்துக்கு வருவதற்கு முன்பு சோழ சிம்மாசனத்தில் இருந்த உத்தம சோழனுக்கு அது இயற்பெயர் போலவே வழங்கிற்று. அவன் பெயரால் அமைந்த சதுர்வேதிமங்கலமே இவ்வூர் என்பதும், இந்த ஏரியும் அவன் வெட்டுவித்தது என்பதும் ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. முழுக் கொள்ளளவில் 23.3 அடி நீர் நிற்கும் இந்த ஏரி, ஏறக்குறைய 694 மில்லியன் கனஅடி நீரைப் பிடித்துவைப்பது. இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இதனினும் பெரிய ஏரி கிடையாது.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்தால்தான் ஏரி என்ற ஏற்பாட்டின் இலட்சணம் விளங்கும். வந்தவாசிப் பக்கத்திலும் உத்திரமேரூர்ப் பக்கத்திலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழை முதலில் அங்கங்கேயுள்ள சிறு ஏரிகளை நிரப்புகிறது. அவை நிரம்பிக் கலங்கல் வழிந்த நீர் ஓடையாகவும் கால்வாயாகவும் இறங்கி, கிளியாற்றோடு கூடி மதுராந்தகம் ஏரிக்கு வந்துசேர்கிறது. இங்கே மதகுகள் வழியாக ஆயக்கட்டு நிலங்களுக்குப் பாய்ந்தது போக மிச்சமுள்ளது, கலங்கல் தாண்டி மறுபடியும் கிளியாறாகிக் கத்திரிச்சேரி, முள்ளி, வளர்பிறை முதலான ஊர்களின் பக்கமாக ஓடிப் பாலாற்றில் கலந்து, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடலை அடைகிறது. மேல் ஏரியின் கழிவு நீரே கீழ் ஏரிக்கு வரத்து நீர். கீழ் ஏரிக்காரன் மேல் ஏரியின் கலங்கல் உயரத்தை ஒரு விரற்கடை கூட்டவிடமாட்டான். இரண்டு ஊருக்கும் இடையிலே ஓடும் கால்வாயைத் தூர்வாருவது இரண்டு ஊருக்கும் பொதுக் கடமை. நீர்ப்பிடிப்பு, வரத்துக்கால், கரை, மதகு, கலங்கல், போக்குக்கால், ஆயக்கட்டு ஆகிய இவ்வளவும் சேர்ந்ததற்குத்தான் ஏரி என்று பெயர். ஏரிப்பட்டி என்று ஏரியின் பராமரிப்புக்கென மானியமாக நிலம் விட்டதும், ஏரி ஆயம் என்று அதற்கெனத் தனி வரி தண்டியதும் சோழர் கல்வெட்டுகளில் காணப்படுவதைக் கொண்டு, இந்தப் பொதுக் கடமை எத்தனை பழைமையானது என்பதை அறியலாம்.

இவ்வளவு நுட்பமாக நீரை ஆண்டவர்கள் அதற்கு வைத்த பெயர்களும் நுட்பமானவை. குளிப்பதற்குக் குளம், உண்பதற்கு ஊருணி, மலைப்பாறையிடுக்கில் சுனை, இயற்கையாய் அமைந்தால் பொய்கை, ஆழ்ந்து கிடந்தால் கயம், பாசனத்துக்குத் தொண்டை நாட்டில் ஏரி, பாண்டி நாட்டில் கண்மாய் அல்லது ஏந்தல் என்று பயனுக்கும் இடத்துக்கும் தக்கவாறு சொற்கள் வழங்கின. ஈழத்தில், வன்னிப் பிரதேசத்திலே, நம்முடைய ஏரிக்கு நிகரான பெரும் பாசன நீர்நிலைகளுக்கும் குளம் என்றே பெயர்; இரணைமடுக் குளம், முத்தையன்கட்டுக் குளம், மன்னார்ப் பகுதியின் கட்டுக்கரைக் குளம் ஆகியன யாவரும் அறிந்தவை. வடமொழி தெரிந்த அரசர்கள் தாங்கள் தோற்றுவித்த பேரேரிகளுக்குத் தடாகம் என்று பட்டப்பெயர் சூட்டினார்கள்: மகேந்திரவாடியில் மகேந்திர தடாகம், மாமண்டூரில் சித்திரமேக தடாகம், உத்திரமேரூரில் வைரமேக தடாகம், காஞ்சிக்கு அருகில் கூரத்தில், பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால் வெட்டி நீர் கொணர்ந்த பரமேசுவர தடாகம். சாசனத்தில் தடாகமாக இருந்தது உழவன் வாயில் ஏரியாகவே நின்றது என்பதும் கவனிக்கத்தக்கது. சிற்றேரிக்குத் தாங்கல் என்ற பெயர் இந்தச் சீமையில் மிகுதி. மதுராந்தகத்துக்குச் சமீபத்திலுள்ள வேடந்தாங்கலும், சென்னையை ஒட்டிய பழவந்தாங்கலும் அந்தச் சொல்லைத் தங்கள் பெயரிலேயே தாங்கிக்கொண்டிருக்கின்றன.

இந்தத் தாங்கல் என்ற சொல்லைக் கண்டவுடன், ‘டாங்க்’ அதிலிருந்து பிறந்ததுதான் என்று சொல்லிவிட நம்மவர் பலருக்கு ஆசை உண்டு. ஒலி ஒற்றுமை மனத்தைக் கவர்வது உண்மையே. ஆனால் சரித்திரத்தில் சொல் நடந்துவந்த பாதையைப் பார்க்க வேண்டும். ஆங்கில வர்த்தகர்கள் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல்லைக் கேட்டு எழுதிக்கொண்டது மேற்குக் கரையில், சூரத்தைச் சுற்றிய குஜராத் பிரதேசத்தில். அங்கே டாங்கா, டாங்கி என்ற சொற்கள் வீட்டின் அடியில் நிலத்துக்குள் கட்டிய நீர்த்தொட்டியைக் குறிப்பவை. மராத்தியிலும் இதன் உறவுச் சொல் உண்டு. மழை குறைந்த அந்நாட்டிலே, கூரையில் விழும் மழை நீரைக் குழாய் வழியே இறக்கி, நிலத்தடிச் சுண்ணாம்புத் தொட்டியில் சேமித்து, வருஷம் முழுவதும் குடிப்பதற்கு வைத்துக்கொள்வது பழைய வழக்கம். ஆமதாபாத்தின் பழைய தெருக்களில் உள்ள வீடுகளில் இத்தகைய தொட்டிகளை இன்றும் காணலாம். மூடியைத் திறந்து தாம்புக் கயிற்றில் செம்பு கட்டி மொண்டுகொள்வார்கள். வெயிலும் காற்றும் படாததால் நீர் கெடாமல் குளிர்ந்திருக்கும். இந்தக் குஜராத்திச் சொல்லை வடமொழித் தடாகத்தோடு உறவுபடுத்துவோரும் இருக்கிறார்கள்.

இதற்குப் போட்டியாக மற்றொரு பிறப்பும் சொல்லப்படுகிறது. போர்த்துக்கீசிய மொழியில் ‘தாங்க்கே’ என்றால் குளம். நீரைத் தடுத்து நிறுத்துதல் என்ற பொருளுள்ள வினைச்சொல்லிலிருந்து பிறந்ததாகவும், நிலைநீரைக் குறிக்கும் ‘ஸ்டாக்னும்’ என்ற லத்தீன் சொல்லுக்கு உறவாகவும் அதைக் கூறுவர். 1498-ல் வாஸ்கோ ட காமாவுடன் கோழிக்கோட்டில் வந்திறங்கியவர்களில் ஒருவர் எழுதிவைத்த பிரயாணக் குறிப்பில், கோயில் ஒன்றின் அருகே கண்ட கற்கட்டுக் குளத்தை இந்தச் சொல்லால்தான் குறித்திருக்கிறார். கப்பலை விட்டு மலையாளக் கரையில் அப்போதுதான் இறங்கிய மனிதர் குஜராத்திச் சொல்லைக் கற்றிருக்க வழியில்லையாதலால், போர்த்துக்கீசியர் அதைத் தாய்நாட்டிலிருந்தே கொண்டுவந்தார்கள் என்று கொள்ளவேண்டியிருக்கிறது. சர் ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்த ஆர்தர் பர்னெலும் தொகுத்து 1886-ல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இந்த இரண்டு வழிகளையும் எடுத்துக்காட்டுகிறது. என்னுடைய அபிப்பிராயத்தில், ஒலியிலும் பொருளிலும் நெருங்கிய இரண்டு அந்நியச் சொற்கள், இந்தியத் துறைமுகங்களில் போர்த்துக்கீசியமே வர்த்தகர்களின் பொது மொழியாக இருந்த காலத்தில் ஒன்றையொன்று சந்தித்து, ஆங்கிலேயன் காதில் ஒரே சொல்லாக விழுந்தன என்பதே நம்பத்தக்கது. எவ்வாறாயினும், மேற்குக் கரையில் கற்ற சொல்லைக் கிழக்குக் கரைக்குக் கொண்டுவந்தபோது, அது சுட்டிய பொருள் இங்கே இல்லை. இங்கே இருந்த பொருளுக்கு அவர்களிடம் சொல் இல்லை. இருந்த சொல்லையே எல்லாவற்றுக்கும் ஒட்டிவிட்டார்கள்.

அது ஒட்டப்பட்ட முக்கியமான இடங்களில் ஒன்று இந்தச் செங்கற்பட்டுச் சீமைதான். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி 1763-ல் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்த இந்த நிலப்பரப்பை, 1767 முதல் 1774 வரையில் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்கின் சுவடு காய்வதற்குள் 1780-ல் ஹைதர் அலியின் படையெடுப்பு வந்தது. ஊர்கள் பாழாயின, குடிகள் ஓடினார்கள், பராமரிப்பார் இல்லாமல் கரைகள் கரைந்தன. இந்த நிலையில்தான் 1790-களில் ஜாகீரின் கலெக்டராக லயனல் பிளேஸ் வந்தார். நீரில்லாமல் நிலவரி இல்லை என்பதை நன்கு அறிந்த அவர், ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் மிகுந்த முனைப்புக் காட்டியதோடு, கோயில்களையும் திருவிழாக்களையும் ஆதரித்து நடத்தினால்தான் ஓடிய குடிகள் திரும்பி வந்து நிலைப்பார்கள் என்றும் கருதினார். பதவியை விட்ட பின்பு 1799-ல் அவர் அனுப்பிய நீண்ட அறிக்கை, இந்தச் சீமையின் மிராசு முறைகளைப் பற்றி ஆராய்வோர் எவரும் ஒதுக்க முடியாத ஆவணம்.

மதுராந்தகத்தார் அவரை நினைவில் வைத்திருப்பதற்கு அந்த அறிக்கை காரணமன்று. ஒவ்வொரு மழைக்கும் ஏரிக்கரை உடைந்து, கும்பினியார் பணம் செலவழித்துக் கட்டியும் மறுபடி உடைந்ததாம்; மனம் நொந்த கலெக்டர், ஊர்க் கோதண்டராமர் கோயிலில் ஜனகவல்லித் தாயாருக்குத் தனிச் சந்நிதி கட்ட உதவி கேட்ட பட்டர்களிடம், உங்கள் பெருமாள் இந்த வருஷம் கரையைக் காத்தால் நானே கட்டித்தருகிறேன் என்று சொன்னாராம்; பெருமழை கொட்டிய இரவில் குடையோடு கரையைப் பார்க்கப் போனவர், வில்லும் அம்பும் ஏந்திய இரண்டு வாலிபர்கள் மின்னல் ஒளியில் கரைமேல் நடந்து காவல் புரிவதைக் கண்டு சேற்றிலேயே மண்டியிட்டாராம். கரை உடையவில்லை, தாயார் சந்நிதி எழுந்தது, பெருமாளுக்கு ‘ஏரி காத்த ராமர்’ என்ற திருநாமம் நிலைத்தது. இரவில் அவர் கண்டது யாரை என்பது சரித்திர ஆராய்ச்சிக்கு உட்பட்டதன்று. ஆனால் அந்தத் தருமம் கும்பினி ஜாகீர் கலெக்டர் பிளேஸ் துரையினுடையது என்று தெரிவிக்கும் தமிழ் எழுத்துகள் தாயார் சந்நிதிக் கல்லில் இருக்கின்றன. இராமாநுஜருக்குப் பெரிய நம்பிகள் மகிழ மரத்தடியில் பஞ்ச சம்ஸ்காரம் செய்த இந்தத் திருத்தலத்துக்கு வரும் வைஷ்ணவர்கள் இன்றும் அதை நின்று படித்துவிட்டுப் போகிறார்கள். பிளேஸ் தம் கடிதங்களில் எழுதிய சொல் ‘டாங்க்’தான், ஆனால் அவருடைய பெயரோடு சேர்ந்து இன்றுவரை வாழ்வது ‘ஏரி’ என்ற சொல். இதே கலெக்டர்தான், 1798-ல், வேடந்தாங்கல் ஏரியில் தங்கும் பறவைகளை யாரும் சுடலாகாது என்ற குடிகளின் உரிமையை ஏற்றுக் கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தவரும். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பாய்ந்தால் தனியாக எரு வேண்டாம் என்பது அந்தக் குடிகளின் அநுபவ ஞானம்.

பிளேஸ் துரைக்குப் பின் வந்தவர்கள் ஏரியை அலட்சியம் செய்தார்கள் என்று முழுவதுமாகச் சொல்லிவிட முடியாது. 1883-ல் சென்னை மாகாண அரசாங்கம் தொடங்கிய ‘டாங்க்’ சீரமைப்புத் திட்டத்தில், ஆற்றுப் படுகை வாரியாக ஏரிகளைப் பிரித்து, ஒவ்வொன்றின் கரை உயரம், மதகு, கலங்கல், ஆயக்கட்டு யாவற்றையும் அளந்து குறிப்பெழுதிய பொறியாளர்கள் சங்கிலித் தொடரின் மர்மத்தை நன்றாகவே அறிந்திருந்தார்கள். குறை வேறிடத்தில் இருந்தது. நிர்வாகத்தின் பார்வையில் ஒவ்வொரு ‘டாங்கும்’ தனித்தனி எண் பெற்ற தனித்தனிச் சொத்து. நீர் தங்கும் பாத்திரம். பாத்திரத்துக்கு விளிம்பு உண்டு. விளிம்புக்கு வெளியே இருப்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. சுதந்திரத்துக்குப் பின்பும் இந்தப் பார்வை மாறாமல், நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் பஞ்சாயத்து யூனியனுக்கும், அதற்கு மேற்பட்டவை பொதுப்பணித் துறைக்கும் என்று பங்கிடப்பட்டன. ஒரே சங்கிலியில் மேலே உள்ள சிற்றேரி ஓர் அலுவலகத்திலும், அதன் கழிவு நீரை வாங்கும் பேரேரி மற்றோர் அலுவலகத்திலும் அடங்க, இரண்டுக்கும் இடையிலுள்ள கால்வாய் யாருடையதுமாக இல்லாமற்போயிற்று. ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்று 2007-ல் தனிச் சட்டமே இயற்றவேண்டி வந்ததென்றால், அதற்கு முன்பு எவ்வளவு வரத்துக்கால்கள் மனைக்கட்டாயிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். சென்னை நகரத்தார் இதற்கு முன்பே வழிகாட்டியிருந்தார்கள்: நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வரை நீண்டுகிடந்த ஏரி, ஆங்கிலத்தில் ‘லாங் டாங்க்’ என்று பெயர்பெற்றது, 1920-களில் வடிக்கப்பட்டுத் தியாகராய நகராயிற்று, 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டமும் நுங்கம்பாக்கம் ஏரியிருந்த இடத்திலேயே நிற்கிறது. டாங்க் பண்ட் ரோடு, லேக் வியூ ரோடு என்ற தெருப்பெயர்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. ஒரு சொல்லின்மேல் இவ்வளவு பழியையும் சுமத்துவது நியாயமன்று. ஆயினும் ஏரி என்ற சொல்லில் அடங்கியிருந்த வரத்தும் போக்கும், ‘டாங்க்’ என்ற சொல்லில் அடங்கவில்லை என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

இனிப் போர்க்களத்துக்குப் போவோம். முதல் உலக மகா யுத்தத்தில், பதுங்கு குழிகளையும் முள்கம்பி வேலிகளையும் தாண்டிச் செல்லும் இரும்புக் கவச வண்டி ஒன்றை ஆங்கிலேயர் இரகசியமாக உருவாக்கினார்கள். 1915 பிப்ரவரியில் சர்ச்சில் அமைத்த குழு அதற்கு ‘நிலக் கப்பல்’ என்று பெயர் வைத்திருந்தது. ஆனால் அந்தப் பெயரே குட்டை வெளிப்படுத்திவிடுமாதலால், அந்த ஆண்டு டிசம்பரில் மறைபெயர் ஒன்று தேடப்பட்டது. வெளிப்பார்வைக்குத் தண்ணீர்த் தொட்டி போலிருந்ததால், தொட்டி என்ற பொருளுள்ள பல ஆங்கிலச் சொற்களைப் பரிசீலித்து, ஓரசையில் முடியும் ‘டாங்க்’ என்பதை எர்னெஸ்ட் ஸ்வின்டன் என்ற இராணுவ அதிகாரியும் அவருடைய சகாவும் தெரிந்தெடுத்தார்கள். லிங்கன் நகரத்துத் தொழிற்சாலையில் அதைச் செய்த தொழிலாளர்கள்கூட, மெசபொத்தேமியாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டி என்றே நம்பவைக்கப்பட்டார்கள். 1916 செப்டம்பர் 15-ஆம் தேதி பிரான்ஸில், ஃபிளேர் என்னும் கிராமத்தருகே அவை முதன்முதலாகப் போரில் இறங்கின. மறைபெயர் அன்றோடு உலகப் பெயராயிற்று. இந்தப் பெயரைச் சூட்டிய ஸ்வின்டன் 1868-ல் பெங்களூரில் பிறந்தவர். அவருடைய தந்தை சென்னை மாகாண உத்தியோகத்தில் நீதிபதியாக இருந்தவர்.

இந்த யந்திரம் நம் ஜில்லாவுக்கே வந்துசேர்ந்ததுதான் விசேஷம். அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஆவடியில் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து, 1965 டிசம்பரில், இந்நாட்டில் உற்பத்தியான முதல் போர் டாங்கியாகிய ‘விஜயந்தா’ வெளிவந்தது. ஆவடி என்பதே கவச வாகனங்களையும் வெடிபொருள்களையும் பற்றிய ஆங்கிலத் தொடர் ஒன்றின் முதலெழுத்துகளால் ஆன பெயர் என்று சிலர் நம்புகிறார்கள்; அது பிழை. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடிச் சோஷலிஸ பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றிய காலத்திலேயே, தொழிற்சாலைக்கு முன்பே, ஆவடி ஆவடியாகத்தான் இருந்தது. அந்த ஊரிலும் ஓர் ஏரி உண்டு, பருத்திப்பட்டு ஏரி.

இன்றைக்குத் தமிழ் வீடுகளில் டேங்க் என்றால் மொட்டை மாடியில் வெயிலில் நிற்கும் கறுத்த பிளாஸ்டிக் தொட்டியே முதலில் நினைவுக்கு வரும். ஊர் நடுவே பஞ்சாயத்தார் கட்டிய மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கும் அதே பெயர். மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் ஊற்றுமிடமும் டேங்க், வீட்டுக்குப் பின்னால் கழிவு நீர் இறங்குமிடமும் டேங்க், கோடையில் குடிநீர் கொண்டுவரும் லாரி டேங்கர். அந்தக் கறுப்புத் தொட்டியைச் சின்டெக்ஸ் என்ற பெயரில் நாடெங்கும் பரப்பிய கம்பெனி குஜராத்தில் உள்ள கலோல் ஊரைச் சேர்ந்தது. டாங்கா பிறந்த நாட்டிலிருந்தே அதன் பேரப்பிள்ளை பிளாஸ்டிக்கில் வந்து நம் மாடியில் ஏறியிருக்கிறது.

ஈழத் தமிழர் இச்சொல்லை நம்மைப் போல் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. நீரையோ எண்ணெயையோ தாங்கி நிற்பது என்ற கருத்தில், தாங்கு என்னும் நம் வினையடியிலேயே அதைப் பொருத்தி, தாங்கி என்று ஆக்கிக்கொண்டார்கள்: நீர்த்தாங்கி, எரிபொருள் தாங்கி, யுத்தத் தாங்கி. இரணைமடுவை மட்டும் அவர்கள் தாங்கி என்று ஒருநாளும் சொன்னதில்லை, அது குளம்தான்.

பிளேஸ் துரையின் 1799 அறிக்கையில் இந்தச் சீமையின் மிராசுதார்களைப் பற்றியும், ஊர்ப் பொது வேலைக்காரர்களுக்குக் களத்திலேயே அளந்து கொடுத்த பங்குகளைப் பற்றியும், ஏரி நீரை வயலுக்கு வயல் பங்கிட்டு விட்ட நீர்க்கட்டியைப் பற்றியும் உள்ள செய்திகளை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)